எக்செல்லில் பிரிட்டன் தேர்தலைக் கணிக்கலாமா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். "எக்செல் என்று ஒன்று இருக்கிறதே தம்பி, கடைக் கணக்கு எழுதாத எனக்கு அது எதற்கு?" என்று கேட்டார். அவர் மகன் லண்டனில் இருக்கிறார். அதனால் பிரிட்டனின் அடுத்த பொதுத்தேர்தலில் யார் வருவார்கள் என்பதுதான் அவருக்குத் தினமும் பேச்சு. "அதையே போட்டுப் பார்ப்போம் சார்" என்று உட்கார்ந்தேன். நாங்கள் செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் விவரம். பிரிட்டன் நாடாளுமன்றக் கீழ்சபையில் 650 தொகுதிகள். நம் மக்களவைத் தேர்தல் போலவே தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி பெறுவார். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்பதில்லை. 2024 ஜூலை 4ல் ஒரு தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்தது 2029 ஆகஸ்ட் 15ஐத் தாண்ட முடியாது. பிரதமர் விரும்பினால் முன்னதாகவே வரலாம்.

கருத்துக் கணிப்புகள் தருவது நாடு முழுமைக்குமான சதவீதம்தான். அதைத் தொகுதிகளாக மாற்றப் பழைய வழி ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்விங். நாடு முழுவதும் ஒரு கட்சி எவ்வளவு சதவீதம் இழந்ததோ, ஒவ்வொரு தொகுதியிலும் அவ்வளவே இழந்திருக்கும் என்று வைத்துக்கொள்வார்கள். இதை விளக்க, ஊசி ஆடும் ஸ்விங்கோமீட்டர் என்ற பலகையை பிபிசி 1950களிலேயே டெலிவிஷனில் காட்டியது.

வரப்போகும் தேர்தலுக்கு விடை தெரியாது. எனவே விடை தெரிந்த கணக்கில் இந்த வழியைச் சோதித்தோம். கன்சர்வேடிவ் கட்சி 2019ல் 43.6 சதவீதமும் 2024ல் 23.7 சதவீதமும் ஓட்டு வாங்கியது. இழப்பு 19.9.

எக்செல்லைத் திறந்து ஏ2 செல்லில் தொகுதியின் பெயரையும், பி2வில் அங்கே 2019ல் கட்சி வாங்கிய சதவீதத்தையும் டைப் செய்யுங்கள். சி2வில் =பி2-19.9 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். (செல்லின் எழுத்தை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். சமக்குறியை விட்டுவிட்டால் கணக்கு நடக்காது.) பிறகு சி2வின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற தொகுதிகளுக்கும் பார்முலா தானாகவே வந்துவிடும்.

லிவர்பூல் வால்டன் தொகுதியில் 2019ல் அந்தக் கட்சிக்கு 9.9 சதவீதம். விடை மைனஸ் 10 என்று வந்தது! பார்முலா தப்போ என்று அரை மணி நேரம் தேடினேன். பார்முலாவில் தப்பு இல்லை. பத்து ஓட்டு வைத்திருப்பவனிடம் இருபது ஓட்டைப் பறித்தால் வேறு என்ன வரும்?

எனவே கழிப்பதற்குப் பதில் விகிதம் போட்டோம். டி2வில் =பி2*23.7/43.6. வால்டனுக்கு 5.4 வந்தது, நம்பும்படியாக இருந்தது. அடுத்து முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ்ஸின் தென்மேற்கு நார்ஃபோக் தொகுதி. 2019ல் அவருக்கு 69 சதவீதம். கழித்தல் பார்முலா 49.1 என்றது, விகித பார்முலா 37.5 என்றது. 2024ல் அவர் வாங்கியதோ 25.3தான். தொழிலாளர் கட்சி வேட்பாளர் 26.7 சதவீதத்திலேயே, 630 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். தொகுதியின் எல்லை கொஞ்சம் மாறியிருந்தது என்றாலும் இவ்வளவு சரிவுக்கு அது மட்டும் காரணமாகாது. ரிஃபார்ம் யுகே கட்சி அங்கே ஓட்டைப் பிரித்ததை என் இரண்டு பார்முலாவும் பார்க்கவே இல்லை.

நாடு முழுவதும் இதே கதைதான். 2019ஐ விட 2024ல் தொழிலாளர் கட்சிக்கு ஓட்டு எண்ணிக்கை குறைந்தது. சதவீதம் 32.1லிருந்து 33.7 ஆனது, அவ்வளவுதான். தொகுதிகளோ 202லிருந்து 411 ஆயின. ரிஃபார்ம் 14.3 சதவீதம் வாங்கி 5 தொகுதியோடு நின்றது. லிபரல் டெமாக்ரட் 12.2 சதவீதத்தில் 72 தொகுதிகளைப் பிடித்தது. ஓட்டு எங்கே குவிந்திருக்கிறது என்பதே முக்கியம்.

வாக்குச்சாவடி வாசலில் கேட்டுச் செய்யும் எக்ஸிட் போல் நம் ஷீட்டை விட எவ்வளவோ மேல். 2024ல் அது தொழிலாளர் கட்சிக்கு 410 என்றது. ஆனால் ரிஃபார்முக்கு 13 என்று சொல்லி அதுவும் சறுக்கியது.

அடுத்த தேர்தலுக்கு என் கணிப்பு என்ன என்று ஆசிரியர் விடாமல் கேட்டார். தொகுதி எண்ணிக்கை சொல்ல மாட்டேன் என்றேன். 2025 மே 1ல் ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில் ரிஃபார்ம் வெறும் 6 ஓட்டில் தொழிலாளர் கட்சியிடமிருந்து தொகுதியைப் பறித்தது. 2024ல் அங்கே இரண்டுக்கும் வித்தியாசம் 14,696 ஓட்டு! இரண்டு பெரிய கட்சிகள் மட்டும் மோதிய காலத்துக்கு ஸ்விங் பொருந்தியது. நான்கைந்து கட்சிகள் முட்டி மோதும்போது நூற்றுக்கு முப்பது ஓட்டுகூட வாங்காமல் ஜெயிப்பவர்கள் பெருகுவார்கள் என்பது மட்டும் என் எண்ணம். யாராவது 'இந்தக் கட்சிக்கு 287' என்று அடித்துச் சொன்னால், கழித்தீர்களா, பெருக்கினீர்களா என்று கேளுங்கள்.

ஷீட்டை ஆசிரியர் 'பிரிட்டன்' என்ற பெயரில் சேவ் செய்திருக்கிறார். அடுத்த தேர்தலுக்கென்று எஃப் வரிசையைக் காலியாக விட்டிருக்கிறார். இப்போது பால் கணக்கையும் எக்செல்லில்தான் எழுதுகிறாராம்.