முழங்கால் வலிக்கு ஓய்வா, பயிற்சியா?

ஜும்ஆ நாளில் பள்ளிவாசலுக்குள் நுழைந்தால் ஒரு மாற்றம் கண்ணில் படுகிறது. முன்பு ஓரமாக இரண்டு மூன்று நாற்காலிகள் கிடந்த இடத்தில் இப்போது ஒரு வரிசையே நிற்கிறது. முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அதில் யாரும் யாரையும் குறை சொல்ல இடமில்லை. நம் கவலை வேறு. ஐம்பது வயதைத் தொடாதவர்களும், "மூட்டு தேஞ்சு போச்சு ஹஜ்ரத், இனி அவ்வளவுதான்" என்று சொல்லி நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். விசாரித்தால் மாத்திரை, தைலம், ஊசி எல்லாம் பார்த்திருப்பார்கள். முறையான பயிற்சி மட்டும் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஓய்வு ஏன் போதாது?

மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து கிடைக்கிறது. காலை மடக்கி நீட்டி, எடை தாங்கி நடக்கும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய்வருகிறது. வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின் சுமை கூடுகிறது, வலியும் கூடுகிறது. அதனால் நடப்பது இன்னும் குறைகிறது. இந்தச் சுழலை உடைப்பதுதான் பயிற்சியின் வேலை.

உடல் எடைக்கும் இதில் பங்குண்டு. எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

யாரிடம் போவது?

ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே 'உடற்பயிற்சி உடலியல் நிபுணர்' என்று ஒருவர் இருக்கிறார். பல்கலைக்கழகப் படிப்பு முடித்து அங்கீகாரம் பெற்றவர். சர்க்கரை, இதய நோய், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏற்ற பயிற்சியை வகுத்துத் தருவது இவர் பணி. டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய 'கிளாட்' திட்டத்தில், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு முதலில் நோயைப் பற்றி விளக்குகிறார்கள். பிறகு வாரம் 2 முறை வீதம் 6 வாரம் நேரடிப் பயிற்சி தருகிறார்கள்.

நம் ஊரில் இந்த வேலையைப் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட் செய்கிறார். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள்.

போனால் என்ன செய்வார்?

நல்ல சிகிச்சையாளர் முதல் நாளே மின்சார ஒத்தடத்தோடு அனுப்பிவிட மாட்டார். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்பார். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்பார். உங்கள் தேவையை நீங்களே சொல்லுங்கள்: "தரையில் உட்கார்ந்து எழ வேண்டும்", "மாடிப்படி ஏற வேண்டும்", "ஸஜ்தா செய்ய வேண்டும்". அதற்கேற்பத்தான் பயிற்சி அமையும்.

பயிற்சியில் லேசான வலி வருவது இயல்பு. பத்துக்கு ஐந்து வரையிலான வலி, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை. அதற்கு மேல் போனால் பயிற்சியை நிறுத்தாமல் அளவைக் குறைக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாள் செய்துவிட்டு விட்டுவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

சர்க்கரையும் இருந்தால்

தசை வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. அதனால் பயிற்சி இரட்டை நன்மை. ஆனால் இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். பயிற்சிக்கு முன் அளவு 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். வியர்த்து, கை நடுங்கினால் உடனே நிறுத்தி இனிப்பு சாப்பிட வேண்டும். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மருத்துவர்

மூட்டு சிவந்து சூடாக வீங்கினால், காய்ச்சல் சேர்ந்தால், விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டால், மூட்டு பூட்டிக்கொண்டால் பயிற்சி வேண்டாம்; நேராக மருத்துவரிடம் போக வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

அத்தாவும் உம்மாவும் எழ முயலும்போது, "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்வது பாசம்தான். ஆனால் அந்தப் பாசமே அவர்களை நாற்காலியில் கட்டிப்போட்டுவிடக் கூடாது. பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு தடவை எழுந்து உட்காருங்க" என்று எண்ணிக் கொடுங்கள். எல்லோருக்கும் நாற்காலி தேவைப்படாமல் போய்விடாது. தேவையில்லாதவர் அதில் முடங்கிவிடாமல் இருந்தாலே போதும்.