வயரை மாற்றினால் பாட்டு இனிக்குமா?

வானொலி, கசெற் செற் திருத்துவது எனது தொழில். "அக்கா, விலை கூடின பவர் வயர் போட்டால் பாட்டு திறமாய்க் கேட்குமாம், மெய்யோ?" என்று சகோதரிகள் பலர் கேட்கிறார்கள். கட்டுக்காசுக்கு வாங்கவும் சிலர் யோசிக்கிறார்கள்.

வேண்டாம் சகோதரிகளே. சுவரிலிருந்து வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். செற்றினுள் உள்ள நிலைமாற்றி அதன் வோல்ற்றைக் குறைக்கிறது; இருவாயிகள் நேரோட்டமாக்குகின்றன; கொள்ளளவி அதைச் சீராக்குகிறது. அதன் பின்னரே அது பாட்டுக்குப் பயன்படுகிறது. ஆகவே வயர் போதிய தடிப்பாகவும் இறுக்கமாகவும் இருந்தால் போதும். 1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி, சாதாரண வயரில்தானே செய்தி கேட்டோம்!

இரைச்சல் வந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

'கரகர' என்றால் பிளக் தளர்ந்திருக்கலாம், வயர் நைந்திருக்கலாம். மாற்றுங்கள், ஒட்டுப்போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

'உம்' என்றால் பவர் வயரையும் ஒரு செற்றிலிருந்து இன்னொரு செற்றுக்குப் பாட்டுக் கொண்டுபோகும் மெல்லிய வயரையும் சேர்த்துக் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பிரித்து விடுங்கள். இரண்டு செற்களை இணைத்திருந்தால் ஒரே இடத்திலிருந்து மின் எடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கொள்ளளவி பழுதாகியிருக்கலாம், திருத்துபவரிடம் காட்டுங்கள்.

இரைச்சலை நிறுத்தவென்று சிலர் எர்த் வயரை வெட்டி விடுகிறார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். உள்ளே மின் கசிந்தால் இரும்பு உடலைத் தொடும் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. பாட்டை விட அந்த வயர் பெரிது.