ஹெட்லைட் சரியில்லை என்று எப்.சி. மறுக்கப்பட்டால்...

கடை வைத்திருக்கும் நம்மில் பலருக்கு இன்று சொந்தமாக ஒரு சரக்கு வண்டி இருக்கிறது. 2005இல் டாடா ஏஸ் வந்து, மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்த பிறகு, நான்கு மூட்டை அரிசிக்காக வாடகை வண்டியை எதிர்பார்த்து நிற்கும் நிலை பலருக்குப் போய்விட்டது. வண்டி வந்ததும் கூடவே எப்.சி. என்னும் தகுதிச் சான்று வேலையும் வந்தது. பிரேக், ஹாரன், டயர், பெயிண்ட் எல்லாம் சரிபார்த்துக் கொண்டுதான் போகிறோம். ஹெட்லைட்டை மட்டும் 'எரிகிறதா?' என்று பார்ப்பதோடு விட்டுவிடுகிறோம். வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதில்லை.

எங்கள் கடை வண்டி அப்படித்தான் ஒரு முறை எப்.சி.யில் திரும்பி வந்தது. 'வலது லைட் மேலே அடிக்கிறது, சரி செய்து கொண்டு வாருங்கள்' என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். பண்டிகைக்கு முந்திய வாரம். வண்டி நின்றால் சரக்கு நிற்கும். வாசலில் நின்ற ஒருவர், 'இதற்கெல்லாம் ஏன் அலைகிறீர்கள், நான் முடித்துத் தருகிறேன்' என்றார். அவரிடம் போகாமல் மெக்கானிக்கிடம் போனதில் நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. அதை நண்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 56இன்படி, சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று இல்லையென்றால் அதன் பதிவே செல்லுபடியானதாகக் கருதப்படாது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. அதனால் எப்.சி.யும் தேவையில்லை என்று சிலர் நினைத்துக் கொள்கிறார்கள். அது தவறு. புது வண்டிக்கு முதலில் 2 ஆண்டுகள், பிறகு 8 வயது வரை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் என்பது 2018 திருத்தத்துக்குப் பிந்தைய முறை. எப்.சி. இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்சிலும் வழக்கு வர இடமுண்டு.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முன் விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, விளக்குக்கு அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை அது கூசச் செய்யக் கூடாது. எதிரே வருபவரின் கண்ணைத்தான் சட்டம் அளவுகோலாக வைத்திருக்கிறது.

சுவரில் பார்க்கும் முறை

கோடவுன் சுவர் ஒன்றும் சமதரையும் இருந்தால் போதும்.

1. டயர்களில் காற்றைச் சரியாக அடியுங்கள். வண்டி காலியாக இருக்கட்டும். டிரைவர் மட்டும் சீட்டில் இருக்க வேண்டும்.

2. வண்டியைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்துங்கள். ஒவ்வொரு விளக்கின் நடுப்புள்ளிக்கும் நேராகச் சுவரில் சாக்பீஸால் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அதே உயரத்தில் ஒரு கிடைக்கோடு போடுங்கள்.

3. வண்டியை நேராகவே 5 மீட்டர் பின்னால் எடுங்கள். கிடைக்கோட்டுக்கு 5 செ.மீ. கீழே இன்னொரு கோடு போடுங்கள். 100 செ.மீ. தூரத்துக்கு 1 செ.மீ. தாழ்வு என்பதே கணக்கு. வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ளுங்கள்.

4. இருட்டியதும் டிம் லைட்டைப் போடுங்கள். ஒரு விளக்கை அட்டையால் மறைத்து மற்றதைப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு இரண்டாவது கோட்டில் நிற்க வேண்டும். அந்த விளிம்பு செங்குத்துக் கோட்டுக்கு வலப்புறம் சமமாகவும், இடப்புறம் சற்று மேலேறியும் இருக்கும். நாம் சாலையின் இடப்புறம் போகிறவர்கள் என்பதால் ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காகச் செய்த ஏற்பாடு அது. வலப்புறம் ஏறினால் அது வலப்புறம் வண்டி ஓட்டும் நாட்டுக்கான விளக்கு. அதை மாற்றத்தான் வேண்டும்.

5. விளக்கின் பின்புறம் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று மேல் கீழ், மற்றது பக்கவாட்டு. ஒரு நேரத்தில் அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம்.

திருகைத் தொடுமுன் பல்பைப் பாருங்கள். வழக்கமான ஹாலஜன் பல்பு 60/55 வாட். அதன் தட்டில் உள்ள மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். பல்பு மாற்றியபோது ஒரு காது வெளியே நின்றுவிட்டது. அதைச் சரியாக உட்கார வைத்ததுமே முக்கால்வாசிக் குறை தீர்ந்தது. மறுநாள் எப்.சி. கிடைத்தது.

கதை இத்தோடு முடியவில்லை

அன்று இரவே மொத்தக் கடையிலிருந்து சர்க்கரையும் எண்ணெய் டின்களும் ஏற்றி வந்தது வண்டி. அதே சுவருக்கு எதிரே, அதே 5 மீட்டரில் நிறுத்தச் சொன்னோம். உயரக் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே நின்ற வெளிச்சம் இப்போது 5 செ.மீ. மேலே நின்றது!

காரணம் எளிது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். பாரத்தில் பின்பக்கம் 4 செ.மீ. தாழ்ந்தால் வண்டியின் மூக்கு 100க்கு 2 என்ற அளவில் மேலே தூக்கும். 100க்கு 1 கீழே இருந்த ஒளி, 100க்கு 1 மேலே போய்விடும். விளக்கு தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருந்தால், 75 மீட்டர் தூரத்தில் அந்த ஒளி 1.5 மீட்டர் உயரத்தில் போகும். எதிரே பைக்கில் வருபவரின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

எங்கள் டிரைவர் அப்போதுதான் சொன்னார்: 'அண்ணாச்சி, லோடு வரும்போது எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டுவார்கள். ஒரு நாள் விடியற்காலையில் ஒரு பால்காரர் சைக்கிளோடு ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். நான் அவர் தூக்கக் கலக்கத்தில் வருகிறார் என்று நினைத்தேன்.' நல்ல வேளை, அவருக்கு அடி இல்லை.

எப்.சி.க்கு வண்டி காலியாகப் போகிறது. நம் தொழிலுக்கோ வண்டி நிறைந்து ஓடுகிறது, அதுவும் இருட்டில். ஆகவே சான்று கையில் வந்ததோடு பொறுப்புத் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு திருகுவட்டு பல வண்டிகளில் இருக்கிறது. பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் விளக்கு தாழும். வண்டி காலியானதும் 0க்குத் திருப்ப வேண்டும். எவ்வளவு பாரத்துக்கு எந்த எண் என்பதைச் சுவரிலேயே பார்த்து டிரைவருக்குச் சொல்லி வையுங்கள்.

அந்த வசதி இல்லாத வண்டியில் மூட்டை அடுக்கும் முறை முக்கியம். முதலில் இறக்க வேண்டியது என்று கனத்த மூட்டைகளைக் கடைசியில் வால் பக்கம் போடுகிறோம். அவை கேபினை ஒட்டி இருக்கட்டும். அப்பளம், பிஸ்கட் போன்ற எடை குறைந்த பெட்டிகள் பின்னால் வரட்டும். அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். பின் ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒளி மேலே போனால், வழக்கமான பாரத்தோடு வண்டியை மெக்கானிக்கிடம் காட்டி, விளக்கை இன்னும் சற்றுத் தாழ்த்தலாமா என்று கேளுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போடுவது வயரையும் சுவிட்சையும் சூடாக்கும். ஹாலஜனுக்காகச் செய்த கூண்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி சிதறிக் கண்ணைக் கூச வைக்கும். மங்கிப் போன கண்ணாடியைத் துடைத்தாலே பல நேரம் வெளிச்சம் திரும்பிவிடும். நடுவில் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர், கோணம் தவறிய விளக்கைச் சரி செய்துவிடாது.

எப்.சி. தேதிக்கு ஒரு வாரம் முன்பே இந்தச் சுவர்ச் சோதனையைச் செய்துவிட்டால் அலைச்சல் மிச்சம். பல்பு மாற்றினாலும், முன்பக்கம் இடிபட்டாலும், ஸ்பிரிங் மாற்றினாலும் மறுபடி பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை, ஒரு சாக்பீஸ் செலவு.

விடியற்காலையில் நம் வண்டிக்கு எதிரே வருகிறவர் பால்காரராக இருக்கலாம், பூக்காரராக இருக்கலாம், நம் கடைக்கே வருகிற வாடிக்கையாளராகவும் இருக்கலாம். நம் வெளிச்சம் அவர் கண்ணில் விழாமல் சாலையில் விழட்டும்.