ஷிமாக் கரைக்கு ஒரு சொகுசு ரயில்

புயல் அழித்த பாதையில் இன்று உல்லாசப் பிரயாணம்!

ஜப்பானின் ஒஸாகா நகரிலிருந்து ஒரு மின்சார ரயில் புறப்படுகிறது. நீலமும் வெள்ளையும் கலந்த நிறம். முகப்பு முழுவதும் கண்ணாடி. அதன் பெயர் 'ஷிமாகஸே'. ஷிமாவில் வீசும் காற்று என்று பொருள். ஷிமா என்பது பசிபிக் சமுத்திரத்தை ஒட்டிய அழகிய கடற்கரைப் பிரதேசம்.

கிண்டெட்ஸு என்ற தனியார் ரயில் கம்பெனி 2013 மார்ச் 21-ல் இந்த வண்டியை ஓடவிட்டது. முதலில் ஒஸாகா, நகோயா ஆகிய இரு நகரங்களிலிருந்தும், 2014 அக்டோபர் முதல் கியோட்டோவிலிருந்தும் புறப்படுகிறது. ஒஸாகாவிலிருந்து கடைசி ஸ்டேஷனான காஷிகோஜிமாவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பிரயாணம்.

வண்டிக்குள்ளே

மொத்தம் ஆறு பெட்டிகள். இரு கோடிகளிலும் உள்ள பெட்டிகளில் தரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே பிரயாணிகள் எதிரே விரியும் பாதையைத் தாராளமாகப் பார்க்கலாம். ஒரு வரிசைக்கு மூன்றே ஆசனங்கள். எல்லாம் தோல் தைத்தவை. வரிசைக்கு வரிசை 125 சென்டிமீட்டர் இடம். காலை நீட்டி உட்காரலாம். பொத்தானை அழுத்தினால் ஆசனத்துக்குள் இருக்கும் காற்றுப் பைகள் முதுகை இதமாகப் பிடித்துவிடும்!

காப்பி, சிற்றுண்டிக்கு ஒரு மாடிப் பெட்டி. அங்கே எல்லோரும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி அறைகளும் உண்டு. ஜப்பானிய பாணி அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டில் இருப்பதைப் போல் உட்காரலாம். இவ்வளவு சௌகரியமும் சும்மா கிடைக்குமா? சாதாரணக் கட்டணம், எக்ஸ்பிரஸ் கட்டணம், அதற்கும் மேல் இந்த வண்டிக்கென்று ஒரு விசேஷக் கட்டணம்.

கடல் எங்கே?

கடலைப் பார்க்கும் ஆசையோடு ஏறுகிறவர்கள் சற்றுப் பொறுமையாக இருக்க வேண்டும். முதலில் நாராச் சமவெளியின் வயல்களும் வீடுகளும் வருகின்றன. பிறகு மலைகள். அவோயாமா மலையைக் குடைந்து சென்றிருக்கும் சுரங்கம் மட்டும் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல். அதைக் கடந்து கீழே இறங்கினால் இஸே நகரம். சூரிய தேவதையின் ஆலயம் இங்கே இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை இந்த ஆலயத்தைப் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுவார்கள். 62-வது தடவை கட்டியது 2013-ல். புது ரயிலும் அந்த ஆண்டிலேயே வந்தது.

தோபாவை நெருங்கும்போதுதான் கடல் தலைகாட்டுகிறது.

புயலும் தண்டவாளமும்

நகோயாவிலிருந்து வருகிறவர்கள் அனுபவிக்கும் பெரிய சௌகரியம் ஒன்று கண்ணுக்குத் தெரியாது. அது தரையில் கிடக்கிறது.

ஒரு காலத்தில் இந்தக் கம்பெனியின் ஒஸாகாப் பாதை அகலம், 1,435 மில்லிமீட்டர். நகோயாப் பாதை குறுகல், 1,067 மில்லிமீட்டர். ஒரு முழத்துக்கும் குறைவான வித்தியாசந்தான். ஆனால் அதனால் ஒஸாகாவுக்கும் நகோயாவுக்கும் இடையே போகிறவர்கள் எல்லோரும் இஸே நகாகாவா ஸ்டேஷனில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வேறு வண்டி ஏற வேண்டியிருந்தது.

1959 செப்டம்பர் 26-ந் தேதி இரவு இஸே வளைகுடாவில் பயங்கரப் புயல் அடித்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக ஐயாயிரத்துக்கும் அதிகமானவர்கள் பலியானார்கள். நகோயாப் பாதையின் தாழ்வான பகுதிகள் பல வாரங்கள் வெள்ளத்தில் கிடந்தன.

பாதையை அகலமாக்கும் திட்டம் ஏற்கெனவே இருந்தது. வேலை அடுத்த ஆண்டில் நடப்பதாக ஏற்பாடு. கம்பெனியின் தலைவர் ஸயேக்கி இஸாமு யோசித்தார். உடைந்த குறுகிய பாதையைச் செப்பனிட்டு, சில மாதங்களில் அதையே பெயர்ப்பதா? செப்பனிடும்போதே அகலமாக்கிவிடுவது என்று தீர்மானித்தார். பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு தொழிலாளர்கள் நவம்பர் 19 முதல் 27 வரை, ஒன்பதே நாட்களில், தண்டவாளங்களை மாற்றி முடித்தார்கள். டிசம்பர் 12-ல் ஒஸாகாவுக்கும் நகோயாவுக்கும் நேர் வண்டி ஓடியது.

ஷிமாவில் 1929 முதல் தனியாக ஓடிக்கொண்டிருந்த குறுகிய பாதைக்கு 1970-ல் விடிவு வந்தது. அந்த ஆண்டு ஒஸாகாவில் உலகக் கண்காட்சி. மார்ச் முதல் தேதி இஸேயையும் தோபாவையும் இணைக்கும் புதுப் பாதை திறந்தது. ஷிமாப் பாதையும் அகலமாயிற்று. பெரிய நகரத்தில் ஏறியவர் கடற்கரையில் இறங்கலாம் என்ற நிலை அன்றுதான் ஏற்பட்டது.

முத்தும் மூச்சும்

தோபா, முத்துக்குப் பேர் பெற்ற ஊர். நூடுல்ஸ் கடைக்காரரின் மகனான மிகிமோட்டோ கோகிச்சி, சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டியது 1893-ல், இங்குள்ள ஒரு சிறு தீவில். அங்கே இன்று முத்துக் காட்சிசாலை இருக்கிறது.

நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிக்க இறங்கியவர்கள் ஆண்கள். ஷிமாவில் மூழ்குகிறவர்கள் பெண்கள். 'அமா' என்று பெயர். ஆக்ஸிஜன் குழாய் எதுவும் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி நத்தை, சிப்பி, கடற்பாசிகளை எடுத்து வருகிறார்கள். மேலே வந்ததும் அவர்கள் விடும் மூச்சு சீழ்க்கை ஒலிபோல் கேட்கும். இந்தக் கலையை ஜப்பானிய அரசாங்கம் 2017-ல் தேசத்தின் முக்கியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஆனால் அமாக்களின் எண்ணிக்கை வரவரக் குறைகிறது. இருப்பவர்களில் வயதானவர்களே அதிகம். இளம் பெண்கள் வேறு வேலை தேடி நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள்.

நகரத்து மனிதர்களை ஷிமாவுக்குக் கொண்டுவரும் பாதைதான் ஷிமாவின் பிள்ளைகளை நகரத்துக்குக் கொண்டுபோகவும் செய்கிறது. வருகிறவர்களின் பணத்தால் விடுதிகளும் கடைகளும் பிழைக்கின்றன. கடலில் இறங்க அடுத்த தலைமுறை வருமா என்பதுதான் ஊராரின் கவலை.

கடைசி ஸ்டேஷன் காஷிகோஜிமா. எதிரே ஏறக்குறைய அறுபது தீவுகள் சிதறிக் கிடக்கும் ஆகோ விரிகுடா. 2016 மே மாதம் ஏழு வல்லரசுகளின் தலைவர்கள் கூடிப் பேசியது இங்கேதான். ஆசனத்தின் சுகத்தில் நேரே காஷிகோஜிமாவுக்குப் போய்விடாமல், வழியில் தோபாவில் இறங்கி, அமாக்கள் மூழ்கி எழுவதையும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போவது நல்லது. இன்னும் சில ஆண்டுகள் கழித்துப் போனால் அந்தச் சீழ்க்கை ஒலி கேட்குமோ, கேட்காதோ!