தேவசகாயம்: ஒரு பெயர் கற்பிக்கும் பாடம்

விசுவசிப்போர்க்கு இறைவனின் அருள் குறைவின்றி உண்டென்று நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். ஆயினும், வீட்டில் நோய் வந்து தங்கும்போதும், கடன் பெருகும்போதும், "நாள் தவறாமல் செபமாலை சொன்னோமே, அருள் எங்கே போயிற்று?" என்று நம் உள்ளம் கேட்கிறது. இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இல்லறத்தில் வாழ்ந்த நம் மண்ணின் மைந்தர் ஒருவரே விடை தருகிறார்.

1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். கால்நடைகள் மடிந்தும் பயிர்கள் அழிந்தும் அவர் மனம் சோர்ந்திருந்த வேளையில், டி லனாய் என்பவர் அவரிடம் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். இவர் 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர். பின்னர் அதே மன்னரின் சேனையைப் பயிற்றுவித்த கத்தோலிக்கர்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யோபுவின் நண்பர்கள், துன்பமெல்லாம் பாவத்தின் கூலியே என்று வாதாடினர். இறுதியில் இறைவன் அவர்களைக் கடிந்துகொண்டு யோபுவின் பக்கமே நின்றார். ஆகவே, இழப்பு வந்ததனால் இறைவன் நம்மைக் கைவிட்டார் என்று பொருளன்று. நீலகண்டரின் உள்ளத்தில் விசுவாசம் முளைவிட்டது இவ்வுண்மையிலேதான்.

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. ஆனால் அந்தச் சகாயம் எவ்வாறு வந்தது? 1749-இல் அவர் சிறைப்பட்டார். மூன்றாண்டுகள் வதைக்கப்பட்டார். 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். விலங்கு அறுந்து விழவில்லை. குண்டு விலகிச் செல்லவில்லை. எனினும், விசுவாசத்தை மறுதலித்து உயிர் பிழைக்க வழியிருந்தும் அவர் அசையாது நின்றாரே, அவரைத் தாங்கிய அந்த ஆற்றலே தேவ சகாயம்!

புனித சின்னப்பரும் தம்மை வருத்திய முள் நீங்குமாறு மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் அருள் கிடைத்தது. அருள் நம் செபத்துக்கு இறைவன் அளக்கும் கூலியன்று. விசுவாசமே மீட்பின் தொடக்கமென்றும், நம்மை நீதிமான்களாக்கும் அருளை நம் செயல்களால் ஈட்ட இயலாதென்றும் 1547-இல் திரிதெந்து சங்கம் போதித்தது. அருள் இலவசக் கொடை. விசுவாசம் அதை ஏற்க விரித்த கை.

ஆகையால், துன்புறும் சகோதரரிடம் "உமக்கு விசுவாசம் போதாது" என்று கூறி அவர் புண்ணில் வேல் பாய்ச்சாதிருப்போமாக. யோபுவின் நண்பர்களைப்போல் வழக்காடாது, டி லனாயைப்போல் அருகில் அமர்ந்து ஆறுதல் சொல்வோம். அயலார் ஒருவரின் சொல் வழியாகவும் அருள் வீட்டுக்குள் நுழையும். மாலை செபத்தில் "இச்சிலுவையை நீக்கும்" என்று மன்றாடுவதில் தவறில்லை. "நீக்காவிடினும் உடன் இரும்" என்றும் சேர்த்து வேண்டுவோம். திவ்விய நற்கருணையில் நம்மிடம் வருகிறவர் அந்த மன்றாட்டைத் தள்ளமாட்டார்.

கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அந்த இல்லறத்தாரை, 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருச்சபை புனிதர் நிலைக்கு உயர்த்தியது. இந்தியப் பொதுநிலையினருள் இப்பேறு பெற்ற முதல்வர் அவரே. குருவோ துறவியோ அல்லாத, நம்மைப் போன்ற ஒருவருக்குப் போதுமாயிருந்த அருள், நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் போதாமற் போகுமோ?