முகம் திருத்தும் மருத்துவம் – 9: கரையும் தகடுகள்

தாடையை அறுத்து நகர்த்திய பிறகு எலும்பைப் பிடித்து நிறுத்துவது டைட்டானியத் தகடும் திருகும்தான் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். கிள்ளான் வாசகி ஒருவர் கேட்கிறார்: "காலம் முழுக்க என் மகள் முகத்தில் இரும்பு இருக்க வேண்டுமா? தானே கரைந்துபோகும் தகடு வந்திருக்கிறதாமே?"

இரும்பு இல்லை அம்மா, டைட்டானியம். விமான நிலையச் சோதனைக் கதவுகூட பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது. கரையும் தகடும் இருக்கிறது, புதிதாக வந்ததல்ல. லாக்டிக் அமில மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செய்த பாலிலாக்டிக் என்ற பாலிமர் அது. தயிரில் புளிப்பதும் அதே அமிலம்தான். உடலில் உள்ள நீர் அந்தச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுக்கும். கடைசியில் அது கரியமில வாயுவும் தண்ணீருமாகிப் போய்விடும்.

தாடை எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரமாகும். அதுவரை தகடு அசையாமல் நிற்க வேண்டும், அப்புறம் போய்விட வேண்டும். சொல்வது சுலபம். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர மருத்துவர்கள் 1980களில் தூய பாலிலாக்டிக் தகடுகளைக் கன்ன எலும்பு முறிவுக்கு வைத்தார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மேலான பிறகு, தகடு வைத்த இடம் வீங்கி நோயாளிகள் திரும்பி வந்தார்கள். கரைந்திருக்க வேண்டியது துகள்துகளாக உள்ளேயே கிடந்தது. விரைவாகக் கரையும் கலவைகளும் உண்டு. 1996இல் அமெரிக்க அனுமதி பெற்ற லாக்டோசார்ப் என்ற கலவையில் 82 விழுக்காடு பாலிலாக்டிக், 18 விழுக்காடு பாலிகிளைகாலிக் என்ற இன்னொரு பாலிமர். ஏறத்தாழ ஓராண்டில் மறைந்துவிடும்.

அறுவை அறையில் கரையும் தகட்டைக் கையாள்வது தனிப் பாடு. டைட்டானியத்தை இடுக்கியால் வளைத்துவிடலாம். இதைச் சூடாக்கி இளக்கினால்தான் வளையும். திருகு ஏறும் முன்பே எலும்பில் மரை வெட்டியாக வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் திருகின் தலை முறியும். வலுக் குறைவை ஈடுகட்டத் தகட்டைத் தடிமனாகச் செய்கிறார்கள்; தோலுக்கடியில் அது சில மாதம் கைக்குத் தட்டுப்படலாம். 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் முக எலும்பு முறிவும் தாடைத் திருத்தமுமாக 230 பேர் சேர்க்கப்பட்டார்கள்; யாருக்கு எந்தத் தகடு என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்தார்கள். கரையும் தகடு என்று சீட்டு விழுந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, அறுவை மேசையிலேயே மருத்துவர் முடிவை மாற்றி டைட்டானியத்தைப் பொருத்தினார். எனக்குத் தயக்கம் வர அந்த ஒரு தகவல் போதும்.

ஆனால் வளரும் குழந்தையின் மண்டையோட்டுக்குக் கரையும் தகடு வரம்தான். அங்கே உலோகம் வளர்ச்சிக்கு இடைஞ்சல். மேல்தாடையைச் சிறிது நகர்த்துவதானால் இதைப் பரிசீலிக்கலாம். வளர்ந்தவரின் கீழ்த்தாடையை அதிகம் நகர்த்தும்போது டைட்டானியத்தையே நம்புவேன். டைட்டானியத்துக்கும் குறையுண்டு: கிருமி தொற்றினாலோ உறுத்தினாலோ மறுபடி கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் கோலாலம்பூர் மருத்துவமனையிலும் தாடை அறுவைக்கான நிபுணர்கள் இருக்கிறார்கள். 1972இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலத்திலும் பார்க்கலாம். பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள். எந்தத் தாடை, எத்தனை மில்லிமீட்டர் நகரப் போகிறது என்று முதலில் கேளுங்கள். கரையும் தகட்டை அந்த மருத்துவர் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார் என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.