தேடுபொறி தரும் தண்டனை

பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் நண்பர் ஒருநாள் போனில் புலம்பினார். "அண்ணே, 'சிஎன்சி ஜாப் ஒர்க் பீன்யா'ன்னு தேடினா நாம முதல் பக்கத்துல வருவோம். இப்போ காணவே காணோம். புது ஆர்டர் விசாரிச்சு ஒரு போன்கூட வரலை." விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரிடமோ ஆயிரம் 'இணைப்புகள்' விலைக்கு வாங்கியிருக்கிறார்!

ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுப்பது, நாலு பேர் நம்மைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதைப் போன்றது. அதைக் காசு கொடுத்து வாங்கினால் அது கள்ள ஓட்டு. கண்டுபிடித்தால் கூகுள் அந்தத் தளத்தைக் கீழே தள்ளும். குற்றம் பெரிதென்றால் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும்.

இது இரண்டு வகை. முதலாவது, கூகுள் ஊழியரே பார்த்து எடுக்கும் நடவடிக்கை. இதற்கு 'சர்ச் கன்சோல்' என்ற இலவச வசதியில் அறிவிப்பு வரும். இரண்டாவது, நிரலே தானாகச் செய்யும் இறக்கம். 2011இல் வந்த 'பாண்டா' தரமற்ற, காப்பியடித்த பக்கங்களையும், 2012இல் வந்த 'பெங்குவின்' போலி இணைப்புகளையும் குறிவைத்தன. இந்த வகைக்கு அறிவிப்பு எதுவும் வராது.

சின்னவர்களுக்கு மட்டும்தான் தண்டனை என்று எண்ண வேண்டாம். தேடுபொறிக்கு ஒரு பக்கம், வாசகருக்கு வேறு பக்கம் காட்டியதற்காக 2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தளம் நீக்கப்பட்டது. தவற்றைத் திருத்திய பிறகே திரும்பியது. 2012இல் விலைக்கு வாங்கிய இணைப்பு தொடர்பாகக் கூகுள் தன் சொந்த 'குரோம்' பக்கத்தையே கீழிறக்கியது.

சரி, பரிகாரம் என்ன? முதலில் சர்ச் கன்சோலைப் பாருங்கள். அறிவிப்பு இருந்தால், வாங்கிய இணைப்புகளை நீக்கச் சொல்லுங்கள். நீக்க முடியாதவற்றை 'இவை எனக்கு வேண்டாம்' என்று கூகுளிடம் பட்டியலிட்டுக் கொடுக்கலாம். பிறகு, செய்த தவற்றை மறைக்காமல் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். அறிவிப்பு இல்லையென்றால் அவசரப்படாதீர்கள். போட்டியாளர் முன்னேறியிருக்கலாம், தளமே பழுதாகியிருக்கலாம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கூகுளுக்கு விளம்பரக் கட்டணம் கட்டினாலும் சாதாரணத் தேடல் வரிசையில் இடம் உயராது. 'முதலிடம் நிச்சயம்' என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கணினித் துறையில் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துப் பட்டறைக்காரரின் தளத்தைத் திறந்து பார்த்துக் கொடுத்தால் போதும். அந்தப் பட்டறையை நம்பி நாலு குடும்பம் இருக்கிறது.